முதலில் சுண்டு விரல்

சூடான தேயிலைத் தண்ணீர்ப் போணியைப் பிடித்ததில் மாரித்தாயின் சுண்டு விரலும் அதற்கு அடுத்த விரலும் கொப்பளித்துப் போயிருந்தன. ஆனால் டிஸ்பென்சரிக்கு அவள் வந்தது அதற்காக அல்ல. மகளுக்கு இருமல் மருந்து வாங்க வந்தாள்.

"கையில என்ன தாயி?" என்று கேட்டாள் நர்ஸ் சாந்தம்மாள்.

மாரித்தாய் குனிந்து, யாரோ ஒருத்தியின் கையைப் பார்ப்பதுபோலத் தன் கையைப் பார்த்தாள். "அட, ஆமா. எப்பப் பட்டுச்சுன்னு தெரியலியே நர்ஸம்மா."

சாந்தம்மாள் கொப்புளத்தைக் கிள்ளி எடுத்து மருந்து வைத்தாள். மாரித்தாய் முகம் சுளிக்கவில்லை. கண்கூட இமைக்கவில்லை. அலமாரிப் பக்கம் நின்று மருந்து கலக்கிக்கொண்டிருந்த கம்பவுண்டர் ஏசுரத்தினம் அதைப் பார்த்துவிட்டார். குலுக்கிக்கொண்டிருந்த பாட்டிலை மெல்லக் கீழே வைத்தார்.

அவள் போன பிறகுதான் வாயைத் திறந்தார். "சிஸ்டர், அது அதுதான?"

"அதுதான்."

உடனே டெட்டால் கலந்த பேசினில் கையை விட்டார் ஏசுரத்தினம். இத்தனைக்கும் அவர் அவளைத் தொடவே இல்லை.

எழுபத்தேழாம் வருஷம் அது. குமுளிக்கு மேலே வெள்ளைப்பாறை எஸ்டேட்டில் பெருவியாதி வந்த ஆளுக்கு ஒரே வைத்தியம்தான். பேரை வெட்டுவார்கள். சட்டி பானையோடு, அரிசி ஏற்றக் கம்பம் டவுனுக்கு இறங்கும் லாரியில் ஏற்றி அனுப்புவார்கள். கீழே இறங்கிய பிறகு அந்த ஆள் என்ன ஆனார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். மூன்று வருஷத்துக்கு முன் தொழிற்சாலையில் வேலை பார்த்த சுடலை அப்படித்தான் போனான். அன்று அவனுடைய காயத்துக்குக் கட்டுப் போட்டு லாரிவரை கொண்டுபோய் விட்டவளே சாந்தம்மாள்தான். இன்னொருத்தியை அந்த லாரியில் ஏற்ற அவளுக்கு மனசில்லை.

மறுநாள் நேரே ஆபீசுக்குப் போனாள். தொரை, அதாவது எஸ்டேட் மானேஜர், கோட்டயத்துக்காரர். கெட்டவர் இல்லை. கொழுந்து மட்டும் தங்குதடையில்லாமல் வந்துகொண்டிருக்க வேண்டும் அவருக்கு.

"மாத்திரை இருக்கு சார். வருஷக்கணக்காச் சாப்பிடணும். ஆனா நோய் அதோட நின்னுடும். மத்தவங்களுக்கும் தொத்தாது. இங்கேயே நாங்க பாத்துக்கிடுறோம்."

"நிங்களா? நிங்களுக்கு அது அறியுமா?"

"இப்போ தெரியாது. கத்துக்கிடுறோம். கீழே தொழுநோய் ஆஸ்பத்திரியில ஒரு டாக்டர் இருக்காரு. வந்து சொல்லிக்கொடுக்கத் தயாரா இருக்காரு."

தொரை ஜன்னல் வழியே மலையைப் பார்த்தார். மழை விட்டு வெயில் அடித்து, கொழுந்து பொங்கி நின்ற நேரம். "செரி. படிச்சோ. பக்ஷே சாந்தம்மா, இதுனால பணி ஒரு நாள் முடங்கினா பின்னே எங்கிட்ட ஒண்ணும் பேச வரண்டா. லாரிதான்."

அப்படித்தான் டாக்டர் சிலுவைராஜ் மலையேறி வந்தார். முப்பது வயசுகூட இருக்காது. தோளில் ஒரு தோல்பை, காலில் வார் அறுந்த செருப்பு. பாடம் நடக்கப்போகிறது என்று கேள்விப்பட்டு அக்கம்பக்கத்து எஸ்டேட்டுகளிலிருந்து நாலைந்து நர்ஸுகளும் கம்பவுண்டர்களும் வந்துசேர்ந்தார்கள். டிஸ்பென்சரி வராந்தாவே வகுப்பறை ஆனது.

முதல் நாள் அவர் பாடமே எடுக்கவில்லை. மாரித்தாயை வரவழைத்து ஸ்டூலில் உட்காரவைத்தார். "நீங்க எப்பவும் எப்படி மருந்து கொடுப்பீங்களோ, அப்படியே கொடுங்க" என்று சொல்லிவிட்டுச் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார்.

ஏசுரத்தினம் மாத்திரையை எடுத்தார். மாரித்தாயின் உள்ளங்கைக்கு ஒரு முழம் உயரத்திலிருந்து போட்டார். அது கையில் பட்டுத் தெறித்து மேசைக்கடியில் உருண்டோடியது.

"அண்ணாச்சி, கோழிக்குத் தீவனமா போடுறீங்க?" என்றார் சிலுவைராஜ்.

எல்லோரும் சிரித்தார்கள். மாரித்தாயும் சிரித்தாள். ஏசுரத்தினத்துக்குத்தான் காது சிவந்துபோனது.

"மாத்திரையை யார் வேணாலும் கொடுக்கலாம்" என்றார் டாக்டர். "நீங்க எப்படிக் கொடுக்கிறீங்கங்கிறதைத்தான் வெளியே வரிசையில நிக்கிறவங்க பாப்பாங்க. கம்பவுண்டரே பயப்படுறாருன்னா நாம பயப்படாம இருக்க முடியுமான்னு நினைப்பாங்க. லயத்து வீடுகள்ல இருக்குறவங்களுக்கு முதல் பாடம் அந்தக் கைதான்."

அதன் பிறகு பாடம் வேகமாகவே நடந்தது. முழங்கையின் உள்பக்கம் தடித்து உருளும் நரம்பை விரலால் தேடிப் பிடித்தார்கள். உடம்பில் நிறம் வெளுத்த தேமலில் சூடும் வலியும் தெரிகிறதா என்று பார்த்தார்கள். உணர்ச்சி போன காலைத் தண்ணீரில் ஊறவைத்து எண்ணெய் தடவக் கற்றுக்கொண்டார்கள். கண்ணை மூடச் சொல்லி, கோழி இறகால் விரல் நுனியைத் தொட்டு, "எங்கே தொட்டேன், சொல்லு" என்று கேட்கப் பழகினார்கள். ஏசுரத்தினம் மட்டும் ஒவ்வொரு தடவையும் பேசினுக்குப் போய்வந்தார்.

"கை தோல் உரிஞ்சிடும் அண்ணாச்சி" என்றாள் சாந்தம்மாள்.

"உரிஞ்சா உரியட்டும் சிஸ்டர். எனக்கு மூணு பொம்பளைப் பிள்ளைக."

அவர் பயப்படுவது சாந்தம்மாளுக்குப் புரிந்தது. ஆனால் அவளுக்குப் பயத்தைவிடக் கர்வம் கொஞ்சம் கூடுதல். இதே எஸ்டேட் லயத்தில் பிறந்து, பதினாறு வயசுவரை கொழுந்து கிள்ளி, பிறகு மதுரைக்குப் போய்ப் படித்து, வெள்ளைச் சேலையோடு திரும்பி வந்தவள். இந்த வேலையும் தனக்கு வந்துவிடும் என்ற நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கைதான் அவளைக் குழியில் தள்ளியது.

மாத்திரைப் பெட்டி குமுளியில் வந்து இறங்கியிருப்பதாகத் தகவல் வந்ததும் சிலுவைராஜ் கீழே போனார். "நான் வந்ததும் லயத்துப் பக்கம் போய் எல்லாரையும் பாப்போம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

சாந்தம்மாளுக்குப் பொறுக்கவில்லை. அன்று கொழுந்து நிறுத்து முடிந்ததும் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். இவ்வளவு பேர் ஒரே இடத்தில் கிடைப்பது அபூர்வம். இறகை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"இது அந்த முகாம் இல்லையே நர்ஸம்மா?" என்று முதல் ஆளாகக் கேட்டாள் குருவம்மாள். வெள்ளைப்பாறையின் குரல் அவள்தான். மேல் டிவிஷனில் அவள் தும்மினால் கீழ் டிவிஷனில் கேட்கும். "போன வருஷம் வந்த குடும்பக் கட்டுப்பாடு முகாமுல எங்க வீட்டு ஆளு கொல்லைப் பக்கமா ஓடி, மரத்து மேல ஏறிட்டாரு."

"இது கையைப் பாக்குற முகாம்டி. ஆம்பளைக ஓட வேண்டாம்."

கூட்டம் சிரித்தது. தூறல் விழத் தொடங்கியதால் எல்லோரும் அவசரப்பட்டார்கள். கண்ணை மூடிக் கையை நீட்டினார்கள். சாந்தம்மாள் முன்னால் நீண்டு வந்த கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் இறகால் தொட்டாள்.

"தெரியுதா?"

"தொட்டுட்டீகளா?" என்றாள் குருவம்மாள், கண்ணைத் திறக்காமலேயே.

சாந்தம்மாள் இறகைத் தாழ்த்தினாள். "நீ கொஞ்சம் இந்தப் பக்கமா நில்லு" என்றாள். அடுத்தவளுக்கும் தெரியவில்லை. அதற்கடுத்தவளுக்கும் தெரியவில்லை. இந்தப் பக்கம் நின்றவர்கள் பெருகிக்கொண்டே போனார்கள். அந்தப் பக்கம் நின்றவர்கள் மெல்ல மெல்ல விலகிப் போனார்கள். கடைசியில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது, இந்தப் பக்கம் என்றால் என்ன என்று.

அந்தி சாய்வதற்குள் செய்தி எல்லா லயத்துக்கும் போய்விட்டது. பாதிப் பெண்களுக்குப் பெருவியாதி. பரப்பியவள் மாரித்தாய். குழாயடியில் அவள் குடத்தை யாரோ எட்டி உதைத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை பெரட்டுக்களத்தில், அதுதான் வேலைக்குப் பேர் கொடுக்க எல்லோரும் கூடும் இடம், ஒருவர் பேரும் பதியவில்லை. புருஷன்மார்கள் பெண்டாட்டிகளை அனுப்பவில்லை. வந்தவர்களும் பக்கத்துச் செடி நிரையில் யார் நிற்பார்கள் என்று தெரியாமல் கூடைக்குள் கை வைக்க மாட்டோம் என்று திரும்பிப் போனார்கள். கொழுந்து செடியிலேயே முற்றியது.

தொரை ஆளனுப்பி சாந்தம்மாளை வரவழைத்தார். சத்தம் போடவில்லை. "நாளைக்கு காலத்தே லாரி பெரட்டுக்களத்துல நிக்கும். மாரித்தாயைத் தயாராக்கி வையி" என்றார். அவ்வளவுதான்.

சாயங்கால பஸ்ஸில் மாத்திரைப் பெட்டியோடு வந்து இறங்கினார் சிலுவைராஜ். சாந்தம்மாள் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவர் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தார்.

"பாதிப் பேருக்கு இருக்காது சிஸ்டர். எந்த ஊருலயும் இருக்காது. எந்த விரல்ல தொட்டீங்க?"

"நுனியிலதான். இங்க." கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் காட்டினாள். காட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

அந்த இரண்டு விரலும் சேர்ந்திருந்தது, கொழுந்து கிள்ளும்போது சேருவது போலவே இருந்தது.

மதுரையில் நர்ஸ் படிப்பின் முதல் மாதங்கள் நினைவுக்கு வந்தன. நாடி பார்க்கச் சொல்வார்கள். மற்றப் பெண்கள் மணிக்கட்டில் விரல் வைத்த உடனே எண்ணத் தொடங்குவார்கள். இவளுக்கு மட்டும் ஒன்றும் தட்டுப்படாது. கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் காய்த்துப்போன விரலுக்கு நாடி எங்கே தெரியும்? யாருக்கும் தெரியாமல் மோதிர விரலை வைத்துத்தான் பார்த்தாள். ஆள்காட்டி விரலுக்கு உயிர் திரும்பவே அந்த வருஷம் முழுக்கப் பிடித்தது.

"என் கையை நானே மறந்துட்டேன் டாக்டர்" என்றாள்.

கேட்டுவிட்டு சிலுவைராஜ் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நானும் சொல்லியிருக்கணும். முழங்கை நரம்புல வந்தா இந்த நோய் சுண்டு விரலைத்தான் முதல்ல பிடிக்கும். கீழே என்கிட்ட வர்றவங்க வயல்வேலை செய்யிறவங்க. அவங்களுக்கு உள்ளங்கைதான் காய்க்கும், விரல் நுனி காய்க்காது. தேயிலைக் கையை நான் இதுவரை பாத்ததில்லை." எழுந்து நின்றார். "நாளைக்கு நான் போய்ப் பேசட்டுமா?"

"வேண்டாம். தப்பு பண்ணது நான். அவங்க என் ஆளுக. நான் பேசுறேன்."

காலையில் பெரட்டுக்களத்தில் லாரி உறுமிக்கொண்டு நின்றது. பக்கத்தில் தொரையின் ஜீப். வேலைக்குப் பேர் கொடுக்க வராதவர்கள்கூட வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். ஓரமாக, மூட்டை முடிச்சோடு மாரித்தாயும் அவள் புருஷன் பெரியமுத்துவும் நின்றார்கள். அவர்களைச் சுற்றி ஒரு வீடு கட்டும் அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது.

சாந்தம்மாள் கூட்டத்துக்கு நடுவில் போய் நின்றாள்.

"முந்தாநாள் நான் பண்ணது தப்பு" என்றாள். தொரைக்கும் கேட்கும்படி சத்தமாகவே சொன்னாள். "தப்பான விரலைத் தொட்டுட்டேன். நானும் உங்களோட கொழுந்து கிள்ளினவதான். கிள்ளுற விரல் காய்ச்சுப் போயிருக்கும்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். இந்த நோய் அங்க தொடங்காது. சுண்டு விரல்ல தொடங்கும். குருவம்மா, வா இங்க."

"நான் எதுக்கு? மறுபடியும் இந்தப் பக்கம் நில்லுன்னு சொல்லவா?"

"பயமா இருக்கா?"

அந்த ஒரு வார்த்தை போதும் குருவம்மாளுக்கு. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். கண்ணை மூடிக் கையை நீட்டினாள்.

ஆள்காட்டி விரலில் இறகு ஓடியது. "தெரியுதா?"

"இல்ல."

கூட்டத்தில் ஒரு முனகல். சாந்தம்மாள் இறகைச் சுண்டு விரலுக்கு மாற்றினாள்.

குருவம்மாள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "கூச்சமா இருக்கு நர்ஸம்மா, விடுங்க."

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அது பரவியது. குருவம்மாள் கண்ணைத் திறந்து தன் சுண்டு விரலைப் பார்த்தாள். பிறகு சாந்தம்மாளின் கையிலிருந்த இறகைப் பிடுங்கிக்கொண்டாள்.

"எங்க, வாங்கடி எல்லாரும். கண்ணை மூடு. ஏய், அரைக் கண்ணுல பாக்காத. சுண்டு விரலை நீட்டு."

அதன் பிறகு அது நர்ஸின் சோதனையாக இல்லை. குருவம்மாளின் சோதனை ஆகிவிட்டது. வரிசையாக விரல்கள் நீண்டன. ஒருத்தி நெளிந்தாள். ஒருத்தி வைதாள். ஒருத்தி பக்கத்து வேலியில் ஒரு புல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்து தன் புருஷன் விரலைத் தொட்டாள். ஏசுரத்தினமும் சிலுவைராஜும் ஆளுக்கொரு பக்கம் நின்று, சரியாகத் தொடுகிறார்களா என்று பார்த்துச் சொன்னார்கள். லாரி டிரைவரே இறங்கிவந்து கையை நீட்டினான்.

குருவம்மாள் வரிசையின் முடிவுக்கு வந்துவிட்டாள். அங்கே ஒரு கை ஏற்கனவே நீண்டிருந்தது. காலி இடத்தைக் கடந்து மாரித்தாய் தானாகவே வந்து நின்றிருந்தாள். கண்ணை மூடியிருந்தாள்.

"என் கையையும் பாரு குருவு" என்றாள்.

வந்த வேகத்தில் குருவம்மாள் அந்தக் கையைப் பிடித்துவிட்டாள். பிடித்த பிறகுதான் யாருடையது என்று பார்த்தாள். சிரிப்பெல்லாம் அடங்கியது. இந்தக் கையை இவள் உதறினால், எல்லாம் முடிந்தது. லாரிதான்.

குருவம்மாள் உதறவில்லை. இறகால் சுண்டு விரலைத் தொட்டாள். மாரித்தாயின் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. இன்னொரு தடவை தொட்டாள். மோதிர விரலையும் தொட்டாள்.

"தொடு குருவு" என்றாள் மாரித்தாய்.

"தொட்டுட்டேன் தாயி" என்றாள் குருவம்மாள். அவள் குரல் இவ்வளவு மெதுவாக வரும் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. கையை விடாமலேயே திரும்பினாள். "இதுதானா நர்ஸம்மா?"

"இதுதான்."

"மாத்திரை தின்னா?"

"இதுக்கு மேல போகாது. வேற யாருக்கும் வராது. சூடு படாமப் பாத்துக்கணும். அதை நாங்க பாத்துக்கிடுவோம்."

குருவம்மாள் மாரித்தாயின் கையைப் புரட்டிப் பார்த்தாள். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் தன் விரலால் நெருடினாள். தன்னுடையதைப் போலவே காய்த்துக் கறுத்திருந்தன. பிறகு ஜீப்பைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். இப்போது கீழ் டிவிஷனுக்குக் கேட்கும் குரல்.

"தொரை, கொழுந்து கிள்ளுறதுக்குச் சுண்டு விரல் எதுக்கு? இவளுக்குக் கிள்ளுற விரலு ரெண்டும் பத்திரமா இருக்கே. எதுக்கு லாரி?"

தொரை மாரித்தாயைப் பார்த்தார். மலையில் முற்றிக்கொண்டிருந்த கொழுந்தைப் பார்த்தார். "எல்லாரும் பணிக்குப் போகுமோ?"

"இவ என் பக்கத்து நிரைல நிப்பா. யாருக்கு இஷ்டமில்லையோ அவக எனக்கு மறுபக்கம் வந்து நிக்கட்டும்."

குருவம்மாளின் பக்கத்தில் நின்று அவள் வாயைத் தாங்கக்கூடியவர் யாரும் அந்த எஸ்டேட்டில் இல்லை. ஒருத்தி கூடையை எடுத்து முதுகில் மாட்டினாள். அடுத்தவளும் மாட்டினாள். தொரை டிரைவரைப் பார்த்துக் கையை அசைத்தார். லாரி காலியாகவே கம்பத்துக்கு இறங்கியது.

அன்று மத்தியானம் மாரித்தாய் மாத்திரைக்கு வந்தபோது வராந்தா நிறைய ஆட்கள் இருந்தார்கள். எல்லோர் கண்ணும் கம்பவுண்டர் மேல். ஏசுரத்தினம் மாத்திரையை எடுத்தார். அவள் கையைத் தன் இடக்கையில் ஏந்தி, மாத்திரையை உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை மூடிவிட்டார். பிறகு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பேசின் பக்கம் போகவில்லை. அடுத்து வந்தது அவருடைய மூத்த மகள். வயிற்றுவலி. அதே கையால் அவளுக்கும் மருந்து கொடுத்தார்.

சாந்தம்மாள் அலமாரிப் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள். கண் கலங்கியதை டாக்டர் பார்த்தால் அதற்கும் ஒரு கேலி செய்வார்.

சிலுவைராஜ் ஊருக்குப் புறப்பட்டபோது, இனி வெள்ளைப்பாறைக்கு நோயாளியை அனுப்புவேனே தவிர டாக்டரை அனுப்பமாட்டேன் என்றார். அடுத்த மழைக்காலத்துக்குள் தூரத்து எஸ்டேட்டுகளிலிருந்தும் நர்ஸுகள் அந்த வராந்தாவுக்குப் படிக்க வந்தார்கள். சாந்தம்மாள் அவர்களுக்குத் தன் கையை நீட்டித்தான் பாடத்தைத் தொடங்குவாள். தான் எந்த விரலில் தவறினாள் என்பதை முதலில் சொல்லிவிடுவாள்.

அப்படி ஒரு நாள் பாடம் நடந்துகொண்டிருந்தபோது, படியேறி வந்தாள் குருவம்மாள். கொழுந்துக்கூடை முதுகிலேயே இருந்தது. பக்கத்து எஸ்டேட்டுப் பெண் ஒருத்தியை மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிவந்திருந்தாள். அந்தப் பெண் அழுதிருந்தாள்.

"நர்ஸம்மா, இவளுக்கு ரெண்டு விரலு தெரியலை. நான் பாத்துட்டேன். பயப்படாதடி, மாத்திரை இருக்குன்னும் சொல்லிட்டேன். இனி நீங்க பாருங்க."

படிக்க வந்திருந்தவர்களில் ஒருத்தி கேட்டாள், "இவங்க எந்த ஆஸ்பத்திரியில வேலை பாக்குறாங்க?"

"இங்கதான்" என்றாள் சாந்தம்மாள். வந்த பெண்ணுக்குத் தன் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவள் எதிரே உட்கார்ந்து கையை வாங்கிக்கொண்டாள்.